சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

போன பதிவில் விதை வெங்காயப் பட்டறையைப் பத்தி மீதியை எழுதறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த தடவைக்கு இருக்கட்டும். மூணு வாரமா மனசு வேற ஒண்ணுல மாட்டிக்கிட்டு நிக்குது. வயக்காட்டு சமாச்சாரம் படிக்க வந்தவங்க கொஞ்சம் பொறுத்துக்கணும்.

2025 மே 27, காலை நேரம். டீக்கடையில் வழக்கமான ஆளுங்கதான். சொசைட்டிக்குப் பால் ஊத்திட்டு வந்தவங்க, உழவு ஓட்ட டிராக்டருக்குக் காத்துக்கிட்டு இருக்கறவங்க. ஒரு பையன் போனைப் பார்த்து செய்தி படிச்சான். மல்யுத்த சம்மேளனத் தலைவரா இருந்த பிரிஜ் பூஷன் சரண் சிங் மேல போட்டிருந்த போக்சோ வழக்கை டெல்லி கோர்ட் முடிச்சு வெச்சிருச்சாம்.

"பாத்தீங்களா மாமா, அந்தப் பொண்ணுங்க ரோட்டுல உக்காந்து அழுததெல்லாம் நாடகமாம்ல."

நாலு பேர் சிரிச்சாங்க. ஒருத்தர், "எனக்கு அப்பவே தெரியும்"னார். அடுத்த டீ வர்றதுக்குள்ள தீர்ப்பு முடிஞ்சு, பேச்சு டிராக்டர் வாடகைக்குப் போயிருச்சு. நான் பாதி டீயோட எந்திரிச்சு வந்துட்டேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியா இருந்தா, முதல்ல சிரிச்சது நானாத்தான் இருந்திருப்பேன்.

முதல்ல அந்த வழக்கு விவரத்தைச் சொல்லிடறேன். ஒரு பக்கத்தை மறைச்சு எழுதினா அது எனக்கே உறுத்தும். அன்னிக்கு முடிஞ்சது ஒரு மைனர் பொண்ணு சம்பந்தப்பட்ட வழக்கு. தேர்வுப் போட்டியில பொண்ணுக்கு அநியாயம் நடந்த கோபத்துல தப்பான புகார் கொடுத்துட்டேன்னு அவங்க அப்பாவே 2023 ஜூன்ல சொல்லிட்டார். போலீசும் ஆதாரம் இல்லைன்னு அறிக்கை கொடுத்தாங்க. கோர்ட் அதை ஏத்துக்கிச்சு. அது உண்மை. ஆனா வயசு வந்த பெண்கள் 6 பேர் கொடுத்த புகார் தனி வழக்கு. 2024 மே மாசம் அதுல 5 பேர் புகாரின் மேல கோர்ட் குற்றச்சாட்டு பதிவு பண்ணிச்சு. ஒருத்தர் புகார்ல மட்டும் அவரை விடுவிச்சது. அவர் எல்லாத்தையும் மறுக்கிறார். விசாரணை நடக்குது. தீர்ப்பைக் கோர்ட் சொல்லட்டும், அது டீக்கடை வேலை இல்ல, என் வேலையும் இல்ல.

நான் எழுத வந்தது அந்த மனுஷனைப் பத்தி இல்ல. நம்ம வாயைப் பத்தி. குறிப்பா என் வாயைப் பத்தி.

2023 ஜனவரி 18-ம் தேதி வினேஷ் போகாட், சாக்‌ஷி மாலிக், பஜ்ரங் பூனியா எல்லாம் டெல்லி ஜந்தர் மந்தர்ல உக்காந்தாங்க. சாதாரண ஆளுங்க இல்ல. சாக்‌ஷி 2016 ரியோ ஒலிம்பிக்ல வெண்கலம் வாங்கினவர், ஒலிம்பிக் மெடல் வாங்கின முதல் இந்திய மல்யுத்த வீராங்கனை. பஜ்ரங் டோக்கியோவில் வாங்கினவர். அந்த ஜனவரியில மேடைக்கு வந்த அரசியல்வாதியை, தயவு செஞ்சு இறங்கிடுங்கன்னு கேட்டுக்கிட்டாங்க. எங்க கடையில என்ன பேசினோம்? "இதுக்குப் பின்னாடி ஏதோ கட்சி இருக்கு." மேரி கோம் தலைமையில குழு போட்டாங்க. பிள்ளைங்க எந்திரிச்சுப் போனாங்க. ஏப்ரல் வரைக்கும் அந்த அறிக்கை வெளியில வரல. ஏப்ரல் 23 மறுபடியும் வந்து உக்காந்தாங்க. இந்தத் தடவை யார் வேணா வாங்கன்னாங்க. "பாத்தியா, நான் சொன்னேன்ல, அரசியல்"னோம். வரவேணாம்னு சொன்னப்பவும் அரசியல், வாங்கன்னு சொன்னப்பவும் அரசியல்.

எஃப்.ஐ.ஆர். போடறதுக்கே அவங்க சுப்ரீம் கோர்ட் படியேற வேண்டியிருந்தது. ஏப்ரல் 28-ம் தேதிதான் டெல்லி போலீஸ் வழக்கு போட்டது. என் பம்புசெட் ஒயரைத் திருடிட்டுப் போனப்ப எங்க ஸ்டேஷன்ல புகார் எழுதி ரசீது வாங்க நான் நாலு நாள் நடந்தேன். அப்ப எல்லாரும் என் பக்கம் பேசினாங்க, "போலீஸ் இப்படித்தான்"னாங்க. ஒயருக்குப் பேசின அதே வாய்தான், "உண்மையா இருந்தா போலீஸ் உடனே வழக்கு போட்டிருக்கும்ல"ன்னு இந்தப் பொண்ணுங்களைக் கேட்டுச்சு.

பி.டி. உஷா சொன்னதையும் எழுதணும். 1984-ல எனக்கு 13 வயசு. லாஸ் ஏஞ்சல்ஸ்ல 400 மீட்டர் தடை ஓட்டத்துல நூத்துல ஒரு பங்கு நொடியில வெண்கலம் போச்சு. எங்க ஊர்ல அப்ப டி.வி. கிடையாது. ரேடியோவுல கேட்டதுதான், மறுநாள் பேப்பர்ல படம். எங்க வாத்தியார் கைவிரலைச் சொடக்கி, "இது கூட ஒரு நொடியில பாதிடா. அதுல நூத்துல ஒண்ணு"ன்னார். அன்னையிலிருந்து அந்தப் பேருன்னா எனக்குக் கொஞ்சம் மரியாதை கூடத்தான். அவங்க ஒலிம்பிக் சங்கத் தலைவரா இருந்துக்கிட்டு, ரோட்டுல உக்காந்து போராடறது ஒழுங்கீனம், நாட்டோட பேரைக் கெடுக்குதுங்கற மாதிரி சொன்னாங்க. அடுத்த வாரம், மே 3, போராட்டப் பந்தலுக்கே போய்ப் பார்த்தாங்க. அதையும் சொல்லணும். ஆனா முதல்ல சொன்னதுதான் ஊர் முழுக்கப் பரவிச்சு. "உஷாவே சொல்லிட்டாங்க"ன்னு எங்க வீட்டுல நானே சத்தமா சொன்னேன். அபினவ் பிந்த்ராவும் நீரஜ் சோப்ராவும் அந்தப் பிள்ளைங்களுக்கு ஆதரவாப் பேசினதை நான் சொல்லல. நமக்குத் தோதானதைத்தானே எடுத்துச் சொல்லுவோம்.

இப்ப அந்த ஞாயித்துக்கிழமைக்கு வரேன்.

2023 மே 28. காலையிலிருந்து எல்லா சேனல்லயும் புது நாடாளுமன்றத் திறப்பு விழா. நம்ம பக்கத்து ஆதீனங்கள் எல்லாம் வரிசையா நிக்கறாங்க, செங்கோல் போகுது. அதே நாள் அந்தப் பிள்ளைங்க நாடாளுமன்றத்தை நோக்கி நடந்தாங்க. போலீஸ் தரையில இழுத்து வேன்ல ஏத்தினாங்க. சாயங்காலம் ஐ.பி.எல். ஃபைனல், சென்னைக்கும் குஜராத்துக்கும். அகமதாபாத்துல மழை. டி.வி.யில மைதானத்துல விரிச்ச தார்ப்பாயையே காட்டிக்கிட்டு இருந்தான். பள்ளிக்கூட லீவுக்கு என் மக பேரனோட வந்திருந்தா. கூடத்துல விதை வெங்காயத்தைக் கொட்டி அவளும் அவங்க அம்மாவும் அழுகல் பொறுக்கிக்கிட்டு இருந்தாங்க. நான் மழை நிக்கட்டும்னு போனை நோண்டிக்கிட்டு இருந்தேன்.

வாட்ஸ்அப்ல ஒரு படம் வந்துச்சு. போலீஸ் வேனுக்குள்ள வினேஷும் தங்கச்சி சங்கீதாவும் பல்லு தெரியச் சிரிக்கிற மாதிரி. "வெளியில அழுகை, உள்ள சிரிப்பு"ன்னு கீழ எழுதியிருந்தது. நான் அதை எங்க ஊர் குரூப்புக்கும் சொந்தக்காரங்க குரூப்புக்கும் அனுப்பினேன். அப்புறம் மககிட்ட நீட்டினேன். "பாரு சாமி, இதுங்க ஆட்டத்தை. பத்து வருஷமாம். பத்து வருஷமா வாய மூடிக்கிட்டு இருந்துட்டு இப்ப சொல்றாங்களாம். அப்பவே சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

அந்தப் படம் பொய். சிரிப்பை ஒட்ட வெச்சது. அசல் படத்துல அவங்க சிரிக்கல, ரெண்டே நாள்ல அது தெரிஞ்சுபோச்சு. அதுக்கு மறுப்பை நான் அந்த ரெண்டு குரூப்புலயும் போடல. இன்னிக்கு வரைக்கும் போடல.

என் மக படத்தைப் பார்த்தா. வெங்காயத்தைக் கீழ வெச்சா. நிமிந்து என்னைப் பார்த்து, ரொம்ப சாதாரணமாக் கேட்டா:

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்கப்பா?"

நான் அந்தப் பொண்ணுங்களைத்தான் சொல்றான்னு நெனச்சு, "போலீஸ் இருக்கு, கோர்ட் இருக்கு"ன்னு என்னமோ சொன்னேன். அவ, "நான் சொல்லியிருந்தா"ன்னா.

அவங்க அம்மா முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. வீட்டுல எனக்கு மட்டும்தான் தெரியல.

என் மக ஒன்பதாவது படிக்கிறப்ப நல்லா கபடி ஆடுவா. ரைடர். குறுவட்டப் போட்டி தாண்டி மாவட்டம் வரைக்கும் போயிருக்கா. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல போலீஸ் வேலை கிடைக்கும்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். எங்க பக்கத்து நாலஞ்சு ஊர்ப் பிள்ளைங்களைச் சேர்த்து, வெளியிலிருந்து வந்த ஒரு ஆள் சாயங்காலம் பழக்கிவிட்டுக்கிட்டு இருந்தார். காசு வாங்க மாட்டார். டீம் ஜெயிச்சா சொந்தக் காசுல பரோட்டா வாங்கிக் கொடுப்பார். ஊர்ல அவருக்கு அவ்வளவு மரியாதை. ஒரு நாள் இவ இனிமே ஆடலைன்னுட்டா. முட்டி வலின்னா. சரி, வயசுக்கு வந்த புள்ள, எத்தனை நாளைக்குத்தான் ஆடும்னு நானும் விட்டுட்டேன். உள்ளுக்குள்ள கொஞ்சம் நிம்மதி கூட.

முட்டி வலி இல்ல. சுளுக்கு எடுக்கறேன்னு அந்த ஆள் கிட்ட வந்ததுதான். அதுக்கு மேல நான் இங்க எழுதப் போறதில்ல.

ஏன் சாமி என்கிட்ட சொல்லலைன்னு கேட்டேன். அவ சொன்னதை அப்படியே எழுதறேன். "நீங்கதான் அதுக்கு முன்னாடி வருஷமே திண்ணையில பதில் சொல்லிட்டீங்களேப்பா."

அதுக்கு முந்தின வருஷம், 2010, பக்கத்து ஊர்ப் பொண்ணு ஒண்ணு அதே ஆளைப் பத்தி வீட்டுல சொல்லியிருக்கு. அவங்க அப்பா எங்க சொந்தம்தான். என்ன பண்றதுன்னு தெரியாம எங்க திண்ணையில வந்து உக்காந்தார். நாங்க நாலு பேர். பேச்சு என்னன்னா, டீம் மாவட்டத்துக்குப் போற நேரம், இப்ப இதைக் கிளப்பினா எல்லாப் புள்ளைங்க வாழ்க்கையும் போயிரும். அந்த ஆள் அப்படிப்பட்டவர் மாதிரி தெரியல. புள்ள ஏதாவது தப்பாப் புரிஞ்சுக்கிட்டிருக்கும். ஸ்டேஷனுக்குப் போனா நாளைக்கு யார் கட்டுவா. நான் சொன்ன வாசகம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு: "பொம்பளப் புள்ளைய ஏழு மணி வரைக்கும் கிரவுண்டுல விட்டுட்டு இப்ப வந்து பேசினா எப்படி மாப்ள?" அந்த நேரம் எல்லாருக்கும் சொம்புல தண்ணி கொண்டாந்து கொடுத்தது என் மக. பதிமூணு வயசு. அவ காதுல விழும்னு நாங்க யாரும் யோசிக்கல. பொம்பளப் புள்ள காதுல விழுதான்னு யார் யோசிச்சோம் என்னிக்கு?

அந்தப் பொண்ணை ஆட்டத்தை விட்டு நிறுத்தினாங்க. பத்தாவதோட பள்ளிக்கூடத்தையும் நிறுத்தினாங்க. அந்த ஆள் இன்னும் ஒன்றரை வருஷம் பழக்கிவிட்டார். அந்த ஒன்றரை வருஷத்துக்குள்ள வந்ததுதான் என் மகளோட முறை.

இதுதான் கணக்கு. ஊர்ல நடந்தாலும் டெல்லியில நடந்தாலும் கணக்கு மாறல.

என் மக போன்ல ஒரு அமெரிக்கப் படம் பார்த்திருக்கா, நடந்த கதை. அவதான் எனக்கு விளக்கிச் சொன்னா. லாரி நாசர்னு ஒரு டாக்டர். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணிக்கும் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் வைத்தியம் பார்த்தவர். அங்கயும் வைத்தியம்னு சொல்லித்தான். 1997-லயே ஒரு பொண்ணு கோச்கிட்ட சொல்லியிருக்கு. நீ தப்பாப் புரிஞ்சுக்கிட்டேங்கற மாதிரி பதில். எங்க திண்ணையிலயும் அதேதானே சொன்னோம். 2016-ல ஒரு பொண்ணு பேரைச் சொல்லி பேப்பர்ல பேசின பிறகும், அந்த வருஷம் அவங்க ஊர் பள்ளி வாரியத் தேர்தல்ல அந்த டாக்டருக்கு ரெண்டாயிரத்துக்கும் மேல ஓட்டு விழுந்திருக்கு. போட்டியில இருந்து விலகறேன்னு அவரே சொன்ன பிறகும் விழுந்த ஓட்டு அது. 2018 ஜனவரியில 150 பேருக்கு மேல கோர்ட்ல வந்து அவர் முகத்துக்கு நேரா நின்னு பேசினாங்க. 40 முதல் 175 வருஷம் சிறை. 1997-க்கும் 2018-க்கும் நடுவுல இருபத்தோரு வருஷம். அங்க படிச்ச ஊர், பணக்கார ஊர். நம்ம டீக்கடை மாதிரி ஒண்ணு அங்கயும் இருந்திருக்கு.

அதே நாட்டுல பென் ஸ்டேட்னு இன்னொரு பல்கலைக்கழகம். ஃபுட்பால் துணைக் கோச்சா இருந்தவர் சின்னப் பையன்களைக் கெடுத்த விவகாரம் 2011-ல வெளியில வந்தது. பெரிய கோச் ஜோ பட்டெர்னோவை வேலையை விட்டு எடுத்தாங்க. அன்னிக்கு ராத்திரி மாணவர்கள் தெருவுல இறங்கி டி.வி. வேனைக் கவிழ்த்தாங்க. கோபம் அந்தப் பையன்களுக்காக இல்ல, கோச்சுக்காக. பையன்களும் உண்டுங்கறதை இங்க சொல்லிவைக்கிறேன். ஆம்பளப் புள்ளைக்கு என்ன ஆயிரப்போகுதுன்னு நினைக்கற ஆள் நானும்தான்.

"ஏன் அப்பவே சொல்லல"ங்கற கேள்விக்கு வரேன். பட்டணத்துல இருக்கறவங்களும் இதைத்தான் கேக்கறீங்க, உங்க கமெண்டுகளை நான் படிக்கிறேன். மல்யுத்த சம்மேளனம் எப்படின்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அந்தத் தலைவர் 2011-லேர்ந்து பதவியில இருந்தவர், ஆறு தடவை எம்.பி. ஒரு பிள்ளை கேம்ப்புக்கு வரலாமா வேணாமா, வெளிநாட்டுப் போட்டிக்குப் போகலாமா, எல்லாம் சம்மேளனத்துக் கையில. எங்களுக்கு ஏரித் தண்ணி திறக்கற மடைக்காரரைப் பகைச்சுக்கிட்டா ஒரு போகம் போகும். அவங்களுக்கு ஒரு ஒலிம்பிக் போனா நாலு வருஷம். மல்யுத்தக்காரிக்கு நாலு வருஷம்னா வாழ்க்கையில பாதி.

இன்னொண்ணு. 2021 டிசம்பர்ல ராஞ்சியில 15 வயசுக்கு உட்பட்டவங்களுக்கான போட்டி. வயசு கூடுன்னு ஆட விடல. மேடை ஏறி வந்து கேட்ட ஒரு இளைஞனை அந்தத் தலைவர் எல்லார் முன்னாடியும் கன்னத்துல அறைஞ்சார். வீடியோ இருக்கு, நாடே பார்த்தது. என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. மேடையில விளக்கு வெளிச்சத்துல, கேமரா முன்னாடி நடந்ததுக்கே ஒண்ணும் ஆகலைன்னா, கதவு மூடின ரூம்ல நடந்ததைச் சொன்னா என்ன ஆகும்னு ஒரு பதினெட்டு வயசுப் பொண்ணு கணக்குப் போடாதா? என் மக பதினாலு வயசுலயே போட்டுட்டா.

சட்டம் இல்லாமலும் இல்ல. வேலை செய்யற இடத்துல பெண்களுக்குத் தொல்லை கொடுக்கறதைத் தடுக்க 2013-ல வந்த சட்டத்துல விளையாட்டு நிறுவனம், ஸ்டேடியம், போட்டி நடக்கற இடம் எல்லாம் பேர் சொல்லியே சேர்த்திருக்காங்க. பெண் தலைமையில புகார்க் குழு இருக்கணும், வெளியாள் ஒருத்தர் அதுல இருக்கணும். 2023-ல பேப்பர்காரங்க தேடிப் பார்த்தா, 30 தேசிய சம்மேளனங்கள்ல 16-ல அந்தக் குழு சரியா இல்ல. மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் விட்டது. மடையே கட்டாம தண்ணி ஏன் வயலுக்கு வரலைன்னு கேட்ட மாதிரி, சொல்றதுக்கு இடமே வைக்காம ஏன் சொல்லலைன்னு கேட்டோம்.

சொன்னா என்ன நடக்கும்ங்கறதுக்கு நம்ம ஊரிலேயே ஒரு சாட்சி இருக்கு. 2021 மே மாசம் சென்னையில ஒரு தடகளக் கோச் மேல 19 வயசுப் பொண்ணு புகார் கொடுத்துச்சு. போலீஸ் கைது பண்ணி, வேற யாராவது இருந்தா சொல்லலாம்னு போன் நம்பர் கொடுத்தாங்க. அதுக்கப்புறம் இன்னும் பல பேர் வந்தாங்க. பழைய காலத்து மாணவிகள் கூட. இத்தனை வருஷம் அவங்க எங்க இருந்தாங்க? அவங்கவங்க வீட்டுலதான் இருந்தாங்க. நம்ம பேசறதைக் கேட்டுக்கிட்டு.

வினேஷ் கதையில எங்க ஊர் பேச்சு வெங்காய விலை மாதிரி ஏறி இறங்கிச்சு. 2023 மே மாசம் நாடகக்காரி. 2024 ஆகஸ்டுல பாரிஸ் ஒலிம்பிக் ஃபைனலுக்குப் போய், மறுநாள் காலையில 100 கிராம் எடை கூடுன்னு வெளியேத்தினாங்களே, அன்னிக்கு அதே கடையில, "நம்ம பொண்ணுக்குத் துரோகம் பண்ணிட்டாங்க"ன்னு அழாத குறை. செப்டம்பர்ல காங்கிரஸ்ல சேர்ந்ததும், "நான் அப்பவே சொல்லல?" மெடலுக்குக் கிட்டப் போனா மகள், வாயைத் திறந்தா எவளோ. சாக்‌ஷி மாலிக் 2023 டிசம்பர்ல, பழைய தலைவரோட ஆளே மறுபடி தலைவரா ஜெயிச்ச அன்னிக்கு, பூட்ஸைக் கழட்டி மேஜை மேல வெச்சுட்டு இனிமே ஆடமாட்டேன்னு எந்திரிச்சுப் போனாங்க. அந்த வீடியோவை என் மககூட உக்காந்து பார்த்தேன். அவ ஒண்ணும் சொல்லல. அவளுக்குக் கழட்டி வைக்க பூட்ஸ் கூட கிடையாது, வெறுங்காலோட ஆடினவ.

அந்த ஆள் மேல நீ ஏன் இப்ப புகார் கொடுக்கலைன்னு சிலர் கேப்பீங்க. முடிவு என் மகளோடது. அவ வேணாம்னா. என் கோபத்தைத் தீர்த்துக்க அவளை இன்னொரு தடவை கூண்டுல ஏத்த எனக்கு உரிமை இல்ல. போக்சோ சட்டம் 2012 நவம்பர்லதான் அமலுக்கு வந்தது. இப்ப தெரிஞ்சும் சொல்லாம மறைச்சா அதுவே குற்றம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் உண்டு. 2010-ல அந்தச் சட்டம் இருந்திருந்தா, திண்ணையில உக்காந்த நாலு பேர்ல நான் ஒருத்தன். சட்டம் அப்ப வரலைன்னு நான் தப்பிச்சுக்கப் பார்க்கல. உக்காந்தது உக்காந்ததுதான்.

அந்தப் பக்கத்து ஊர்ப் பொண்ணைப் போன வருஷம் ஒரு கல்யாணத்துல பார்த்தேன். ரெண்டு குழந்தை. பந்தியில பாயசம் ஊத்திக்கிட்டே, "நல்லாருக்கீங்களா மாமா?"ன்னு கேட்டுச்சு. "நல்லாருக்கேன்மா"ன்னேன். கேக்க வேண்டிய மன்னிப்பு தொண்டை வரைக்கும் வந்துச்சு. சுத்தி இத்தனை பேர் இருக்காங்களேன்னு நெனச்சேன். இலையைப் பார்த்துக் குனிஞ்சுக்கிட்டேன்.

இப்ப எதுக்கு இதை எழுதறேன்னா, என் தம்பி மக ஒன்பதாவது போறா. அவளுக்கும் கபடிதான். அந்த மே 27 டீக்கடைப் பேச்சு நடந்த அன்னிக்கு சாயங்காலமே தம்பி வந்து, "இந்த வம்பே வேணாம்ணே, இவளையும் நிறுத்திடறேன்"னான். அக்கறையிலதான் சொல்றான். நானும் ஒரு காலத்துல உள்ளுக்குள்ள நிம்மதிப்பட்டவன்தானே. ஆனா பாருங்க, எவனோ பண்ற தப்புக்கு ஆட்டம் போறது எப்பவும் பிள்ளைக்கு. தம்பிகிட்ட, "அவளை நிறுத்தாதே, நான் பாத்துக்கறேன்"னேன்.

பள்ளிக்கூடம் திறந்ததும் போனேன். வெளியூர்ப் போட்டிக்குப் போறப்ப பிள்ளைங்ககூட எந்த டீச்சர் போறாங்க, ராத்திரி எங்க தங்கறாங்க, அடிபட்டா யார் பாக்கறாங்கன்னு கேட்டேன். அங்க இருந்த பி.டி. டீச்சரம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. சந்தேகப்படறேன்னு நெனச்சாங்களோ என்னவோ. அப்புறம் உக்காரச் சொல்லி ஒவ்வொண்ணா சொன்னாங்க. "இதையெல்லாம் எந்தப் பெத்தவங்களும் வந்து கேட்டதில்லைங்க. ஜெயிச்சா என்ன வேலை கிடைக்கும்னுதான் கேப்பாங்க"ன்னாங்க. 1098, 14417 ரெண்டு நம்பரும் சுவத்துல எழுதியிருந்தது. ரெண்டையும் போன்ல ஏத்திக்கிட்டேன்.

தம்பி மககிட்டயும் பேசினேன். எனக்கு அந்த மாதிரி பேசத் தெரியல, திக்கித் திக்கித்தான் வந்துச்சு. "யாராவது ஏதாவது பண்ணா, எனக்குப் பிடிச்ச ஆளா இருந்தாலும் சரி, நம்ம சொந்தமா இருந்தாலும் சரி, என்கிட்ட சொல்லு சாமி. உன்னை ஒரு கேள்வி கேக்க மாட்டேன்." அவ ஷூ லேஸைக் கட்டிக்கிட்டே, "சரி பெரியப்பா"ன்னா. நம்புனாளா இல்லையான்னு முகத்துல தெரியல. அஞ்சரை மணிக்கு ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போற சாக்குல கிரவுண்டு ஓரமா போய் உக்காந்துக்கறேன்.

இதைப் போடறதுக்கு முன்னாடி மகளுக்கு அனுப்பினேன். ரெண்டு நாள் பதில் இல்ல. மூணாவது நாள் போன் பண்ணினா. ரெண்டு வரியை எடுக்கச் சொன்னா, எடுத்துட்டேன். நான் வேற ஒரு தலைப்பு வெச்சிருந்தேன். அதை மாத்தி அவ கேட்ட கேள்வியையே வெக்கச் சொன்னா. அப்புறம், "அந்த வேன் படம் அனுப்பினீங்களே, ரெண்டு குரூப்பு. அதுலயும் இதைப் போடுங்கப்பா"ன்னா.

போட்டுட்டேன். சொந்தக்காரங்க குரூப்புல இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் சொல்லல. நீல டிக் மட்டும் வருது.